தொட்டுப் பார்க்கும் கலை

அருங்காட்சியகத்துக்கோ ஓவியக் கண்காட்சிக்கோ சென்றவர்கள் யாவரும் அங்கே ஓர் அறிவிப்பைக் கண்டிருப்பார்கள். 'பொருள்களைத் தொடாதீர்கள்' என்பது அது. கண்ணாடிப் பெட்டி, கயிற்றுத் தடுப்பு, சீருடை அணிந்த காவலர் ஆகிய எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குத் துணை நிற்பவை. கலைப்பொருள் என்றால் அது கண்ணுக்கு மட்டுமே உரியது, கைக்கு உரியதன்று என்று சிறுவயது முதலே நாம் பழக்கப்பட்டுவிட்டோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கலையோ கையை அழைக்கின்ற கலை. இந்த இழுப்பறையைத் திறந்து பாருங்கள் என்கிறது. இந்தத் தாளைப் புரட்டுங்கள் என்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து இங்கே வையுங்கள் என்றும் கேட்கிறது.

இத்தகைய கலையை ஆக்குவோர் வண்ணத்தையும் தூரிகையையும் மட்டும் நம்பியிருப்பதில்லை. மரம், தாள், துணி, பழைய தளபாடம், புகைப்படம், கையெழுத்து, ஒலி என எது கைக்குக் கிட்டுகிறதோ அதைக் கொண்டு ஆக்குகிறார்கள். ஆதலால் இதைக் கலப்பூடகக் கலை என்கிறோம். ஓர் அறை முழுவதையும் படைப்பாக்கி அதற்குள் நம்மை நடக்கவிடும்போது தாபனக் கலை என்ற பெயரும் வழங்குகிறது. கண்முன் உள்ள உலகத்தின் விதிகளை மீறி, கனவில் வருவதுபோல் பொருத்தமற்ற பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் தன்மையை மீயதார்த்தம் என்று அறிஞர் சொல்வர். சர்ரியலிசம் என்னும் பிறமொழிச் சொல்லும் நமக்குப் பழக்கமானதே. பெயர்கள் கிடக்கட்டும். இக்கலையைப் பற்றிக் கண்டாவளையிலிருந்து ஒருவர் பேச வேண்டிய தேவை என்ன என்று நேயர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சு.

இக்கலையின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் யாவும் பாரிஸ் நகரத்திலிருந்தே தொடங்கும். 1913ஆம் ஆண்டிலே மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர் துவிச்சக்கர வண்டியின் முன்சில்லு ஒன்றை அதன் கவையோடு கழற்றி, தலைகீழாக, சமையலறை முக்காலி போன்றதொரு இருக்கையின் மேல் நட்டு வைத்தார். போகிற வருகிற போதெல்லாம் அதைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். சில்லு சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது, குளிர்காலத்தில் கணப்பு அடுப்பின் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் தமக்கு இதமாக இருந்தது என்று பிற்காலத்தில் சொன்னார். 1924இல் அந்திரே பிரெத்தோன் என்ற கவிஞர் சர்ரியலிசத்தின் கொள்கை விளக்கத்தை வெளியிட்டார். 1938இல் அவ்வியக்கத்தினர் பாரிஸில் நடத்திய பெருங்கண்காட்சியில் கூரையிலிருந்து ஏறத்தாழ 1,200 நிலக்கரிச் சாக்குகளைத் தொங்கவிட்டு, அறையை இருளாக்கி, வந்தவர்களின் கையில் ஆளுக்கொரு மின்சூளைக் கொடுத்து, 'தேடிப் பாருங்கள்' என்று உள்ளே விட்டார்களாம்.

டுஷாம்ப் செய்த முதற் சில்லு தொலைந்துபோயிற்று. 1951இல் அவர் மறுபடி செய்த ஒன்று நியூயோர்க் நகரத்து நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுழற்றுவதற்கென்றே பிறந்த அந்தச் சில்லை இன்று பார்வையாளர் யாரும் சுழற்ற முடியாது. அதன்மேலும் 'தொடாதீர்கள்' வந்து உட்கார்ந்துகொண்டது.

தலைகீழான துவிச்சக்கர வண்டி என்றதும் எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு வேறொரு காட்சி மனக்கண்ணில் எழும். 1990களிலே வடக்கின் பெரும்பகுதியில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. கிடைத்ததை ஜாம் போத்தலின் அடியில் சிறிது ஊற்றி, பஞ்சுத் திரியொன்றைக் கம்பியில் சுற்றி, அந்த ஒளியில்தான் பிள்ளைகள் படித்தார்கள். செய்தி கேட்க வேண்டுமே! துவிச்சக்கர வண்டியை முற்றத்தில் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்தில் ஊன்ற நிறுத்துவார்கள். டைனமோவிலிருந்து வரும் கம்பி வானொலிப் பெட்டிக்குப் போகும். ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். சுற்றுகிற வேகம் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் மங்கிப் போகும். 'சுத்து, சுத்து' என்று சுற்றியிருப்போர் கூவுவார்கள். யார் எங்கே இடம்பெயர்ந்தார்கள், எந்த வீதி திறந்தது, எது மூடியது என்பதெல்லாம் அந்தச் சில்லின் சுழற்சியில் வந்து சேர்ந்தன. வானொலிக்கு அன்று அத்தனை மதிப்பு. இதை வானொலியிலேயே சொல்ல வாய்த்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பாரிஸ்காரர் சில்லையும் எங்கள் முற்றத்துச் சில்லையும் அருகருகே நிறுத்தி, எது கலை எது கலையன்று என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்று ஓய்வில் பிறந்தது, மற்றது முடையில் பிறந்தது. ஆனால் இரண்டும் ஒரு பொருளை அதன் வழக்கமான வேலையிலிருந்து கழற்றித் தலைகீழாக்கின. இரண்டும் மனிதக் கை பட்டபோதுதான் உயிர்பெற்றன. இவ்வளவும் ஒத்திருக்கையில், மீயதார்த்தம் என்பது ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு என்று நாம் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

கண்டாவளையைக் கேள்விப்பட்டிராத நேயர்களுக்காக இரண்டொரு சொல். கிளிநொச்சி மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகளுள் இது ஒன்று. பரந்தன் சந்தியில் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவுக்குப் போகும் வீதி. முரசுமோட்டை, புளியம்பொக்கணை, தருமபுரம் எல்லாம் அவ்வழியிலும் அதன் அண்டையிலும் உள்ளவை. இரணைமடுவிலிருந்து வரும் கனகராயன் ஆறு இப்பக்கமாகவே ஓடிச் சுண்டிக்குளக் கடனீரேரியில் கலக்கிறது. வயலும் மாடும் தென்னையும் கொண்ட மண். 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வெறுங்கையோடு வந்து தருமபுரம் போன்ற இடங்களில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் பலர். அவர்களுக்கு முன்னரே வந்து நெல் விளைவித்தவர்களும் உண்டு.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானது. மேற்கேயிருந்து ஏற்கனவே பலமுறை இடம்பெயர்ந்து வந்திருந்த மக்களும், அவர்களோடு எம் பகுதி மக்களும், பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் கிழக்கு நோக்கி நகர்ந்தார்கள். அந்த நாள்களின் துயரத்தை அளவிட்டுச் சொல்ல இப்பேச்சு போதாது. அதை நான் முயலவும் மாட்டேன். நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வேண்டிய இரண்டு காட்சிகளை மட்டும் சொல்கிறேன். போகிறவர்கள் வீட்டுக் கூரையின் தகரத்தையும் ஓட்டையும், கதவையும் நிலையையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகுமிடத்தில் நான்கு தடி நட்டு அதே தகரத்தைப் போட்டார்கள். மறுபடி கழற்றினார்கள். வீடில்லாத கதவொன்று வீதியில் பயணம் போவதைக் கனவில் கண்டவர் உண்டா? எம் மக்கள் பகலில் கண்டார்கள். மற்றது, பதுங்குகுழிக்கு மண்மூட்டை வேண்டியிருந்தது. சாக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்தார்கள். நூற்சேலை முடிந்தபின் பட்டுச்சேலை. பட்டும் முடிந்தபின் திருமணத்தன்று உடுத்த கூறைச்சேலை. சரிகைக் கரை மின்ன மண்ணைச் சுமந்து அடுக்கிக் கிடந்தன அம்மூட்டைகள். கூரை போனபின் கூறை காத்தது என்று சொற்சிலம்பம் ஆடலாம். ஆனால் பலரை அதுவும் காக்கவில்லை.

இப்படி வாழ்ந்து முடித்தவர்களுக்கு முன்னால் ஒரு கலைஞன் எதைச் செய்து காட்டுவான்? கனவுபோன்ற காட்சி என்று அவன் எதைப் புதிதாகப் புனைவான்? இதுதான் எங்கள் காலத்துக் கலைஞர் எதிர்கொண்ட மெய்யான இடர்.

ஒரு விடை கிளிநொச்சி நகரிலேயே நிற்கிறது. போர் முடிந்தபின் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் அது. பெரியதொரு சீமெந்துக் கனசதுரம், அதைத் துளைத்து நிற்கும் பீரங்கிக் குண்டு, வெடித்த பிளவு, மேலே மலர்ந்த தாமரை. கனவுத்தன்மை என்று பார்த்தால் அதுவும் மீயதார்த்தப் படைப்புத்தான், ஐயமில்லை. ஆனால் அது நம்மிடம் ஒன்றையும் கேட்பதில்லை. எட்ட நின்று, அண்ணாந்து பார்த்து, அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். அதைப் பார்க்க வருபவரின் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்று அறிந்துகொள்ள அந்தச் சீமெந்தில் எங்கும் இடம் விடப்படவில்லை.

மற்றொரு விடையை யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனன் தேடினார். 1969இல் பிறந்த அவர், டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்து வந்தவர். அவருடைய ஓவியங்களில் மனித உடலும் நிலமும் ஒன்றினுள் ஒன்று புகுந்து கிடக்கும். எது தோல், எது மண் என்று பிரித்தறிதல் எளிதன்று. அவர் ஓவியத்தோடு நின்றிருந்தாலும் நல்ல ஓவியர் என்றே பெயர் பெற்றிருப்பார். ஆனால் தாம் ஒருவர் மட்டும் நினைவுகூர்ந்தால் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

2004ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடைபெற்றது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டப்பட்ட அதே கட்டடம். அங்கே சனாதனனும் அவரோடு சேர்ந்தவர்களும் வைத்த படைப்புக்கு 'வரலாறுகளின் வரலாறு' என்று தமிழில் பொருள் கொள்ளலாம். குடாநாட்டின் ஐந்நூறு வீடுகளிலிருந்து பொருள்களைக் கேட்டுப் பெற்று அடுக்கினார்கள். போர்க்காலத்தில் ஒவ்வொரு வீட்டாரும் எதைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள் என்பதே கேள்வி. நூல்கள் எரிந்த மண்டபத்தில் மக்கள் தங்கள் வீட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஓலைச்சுவடி போனால் என்ன, ஓட்டைச் செம்பும் ஒரு சுவடிதான் என்று காட்டியதுபோல் ஆயிற்று. அங்கே பார்வையாளர் யார், படைத்தவர் யார் என்ற எல்லை கலைந்துபோயிற்று. தம் வீட்டுப் பொருளைத் தேடிக்கொண்டு வந்தவர் அயல்வீட்டுப் பொருளின்முன் நின்றார்.

இதே வழியை அவர் கடல்கடந்தும் கொண்டு சென்றார். கனடாவின் வன்கூவர் நகர மானிடவியல் அருங்காட்சியகத்தில், அங்கு குடியேறி வாழும் இலங்கைத் தமிழர்களிடம், வீடு என்றதும் நினைவுக்கு வரும் பொருளைத் தரும்படி கேட்டு ஒரு படைப்பை ஆக்கினார். 2010ஆம் ஆண்டில் அது காட்சிக்கு இருந்தது.

ஆயினும் என் மதிப்பில் அவருடைய ஆக்கங்களுள் தலையாயது ஒரு புத்தகமே. 2011இல் ரேக்கிங் லீவ்ஸ் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. பெயர், முற்றுப்பெறாத தோம்பு. தோம்பு என்ற சொல் நம் முன்னோருக்கு நன்கு தெரிந்தது. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய காணிப் பதிவேடு அது; யாருடைய வளவு எங்கே, எவ்வளவு, என்ன வரி என்று எழுதி வைத்தது. ஆள்பவன் தன் தேவைக்காக எழுதிய அந்த ஏட்டை இக்கலைஞர் திருப்பிப் போட்டார். போரினால் வீடிழந்து இடம்பெயர்ந்த வடபகுதித் தமிழரிடமும், 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிடமும் சென்று, உங்கள் வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். எண்பது வரைபடங்கள் சேர்ந்தன. அவை வெளிவந்த வடிவமோ கச்சேரியில் எழுதுநர் மேசைமேல் கிடக்கும் கோப்பு. அதைத் திறந்தால் முதலில் வீட்டுக்காரர் தம் கையால் வரைந்த கோணல்மாணலான கோடுகள். அடுத்து, அதே வீட்டை ஒரு கட்டடக் கலைஞர் அளவுகோல் பிடித்து வரைந்த படம். மூன்றாவதாக, அந்த வீட்டைப் பற்றிக் கேட்ட கதையிலிருந்து சனாதனன் தீட்டிய ஓவியம்.

இந்த மூன்று தாள்களில்தான் இக்கலையின் முழு நுட்பமும் இருக்கிறது. வீட்டுக்காரர் படத்தில் சாமியறை பெரிதாக இருக்கலாம். விறாந்தை வீட்டை விடவும் நீளமாக இருக்கலாம். நினைவு அப்படித்தான் அளக்கும். கட்டடக் கலைஞரின் கோடு அதைத் திருத்துகிறது. திருத்தும்போது எதையோ இழக்கிறது. ஓவியம் அவ்விரண்டையும் விட்டு விலகி, விதியும் அளவும் அற்ற கனவின் வெளிக்குள் போகிறது. புரட்டுகின்றவர் கை ஒரு தாளைத் தூக்கி மற்றதன்மேல் வைக்கும்போதே இழப்பு இன்னதென்று விளங்கும். இதைச் சுவரில் மாட்டிப் பார்த்துப் பயனில்லை. கையில் எடுத்தே ஆகவேண்டும். 'முற்றுப்பெறாத' என்ற சொல்லும் அடக்கத்துக்காகச் சேர்த்ததன்று. எண்பது வீடுகளோடு எந்தத் தோம்பு முற்றுப்பெறும்?

2016இல் கொச்சி–முசிறி ஈராண்டுக் கலைவிழாவில் அவர் வைத்தது ஓர் அலுமாரி. பழைய நூலகங்களிலே நூற்பெயர் அட்டைகளை அடுக்கி வைக்கும் சிறு இழுப்பறைகள் நிறைந்த மர அலுமாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதுபோன்றது. அதன் அட்டைகளில் நூல்களின் பெயர் இல்லை. போர்க்காலத்தில் சாதாரண மக்கள் கண்டுகொண்ட பிழைப்பின் வழிகள் இருந்தன. வந்தவர்கள் இழுப்பறையை இழுத்து, அட்டையைப் படித்து, மூடிவிட்டு, அடுத்ததைத் திறந்தார்கள். அதற்கு அவர் இட்ட பெயரில் 'எதிர்ப்பு' என்ற சொல் வருகிறது. துவக்கு ஏந்தாதவரின் எதிர்ப்பு என்று நாம் கொள்ளலாம். சோப்பு இல்லாத காலத்தில் பனங்களியில் துணி தோய்த்ததும், நான் முன்னே சொன்ன கவிழ்த்த துவிச்சக்கர வண்டியும் எந்தச் சரித்திர நூலிலும் அத்தியாயமாக வரமாட்டா. ஓர் அலுமாரியின் இழுப்பறைக்குள் இத்தகையவற்றுக்கு இடம் உண்டு.

இவையெல்லாம் படித்தவர்களின் புதுப்பாணி, எமக்குப் புறம்பானவை என்று நினைப்போரும் உண்டு. அவர்கள் கோயிலுக்குப் போவதில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கண்ணோய் தீர்ந்தவர் வெள்ளியில் இரண்டு கண் செய்து அம்மனுக்குக் காணிக்கை வைக்கிறார். கால் குணமானவர் கால் வைக்கிறார். உண்டியலிலோ தட்டிலோ முகமற்ற கண்களும் உடலற்ற கைகால்களும் சேர்ந்து கிடக்கின்றன. இதைப் பாரிஸில் ஒருவர் மேசைமேல் பரப்பியிருந்தால் மீயதார்த்தம் என்று நூல் எழுதியிருப்பார்கள். நமக்கு அது நேர்த்திக்கடன். ஒவ்வொரு கண்ணும் ஒருவருடைய நோயின் சாட்சி; அதைக் கொண்டுவந்து வைத்தவரே அதன் ஆசிரியர். அண்டை மாவட்டத்து வற்றாப்பளையில் கண்ணகி அம்மனுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கும் வழக்கத்தை எத்தனை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம்! நீரும் நெருப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற விதி அங்கே அன்றைக்கு விலகி நிற்கிறது. வயலில் நிற்கும் வெருளியைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். கறுத்த சட்டி தலை, சுண்ணாம்புப் பொட்டுக் கண், மாமாவின் கிழிந்த சேட்டு, தென்னோலைக் கை. கலப்பூடகம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டோ? கிளிகள்கூட அதனோடு பங்குகொள்கின்றன. முதல் வாரம் அஞ்சுகின்றன. இரண்டாம் வாரம் அதன் தோளிலேயே அமர்ந்துவிடுகின்றன.

இப்படிச் சொல்வதனால் இக்கலையில் குறையே இல்லை என்று நான் வாதாடுவதாகக் கொள்ள வேண்டாம். பார்ப்போரும் பங்குகொள்ளலாம் என்ற பெயரில் இன்று பெருநகரங்களில் காட்டப்படுபவற்றுள் பல வெறும் விளையாட்டுச் சாமான்களே. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். கையை அசைத்தால் சுவரில் பூ மலரும். நீங்கள் போனபின் அடுத்தவர் கையை அசைப்பார். அதே பூ மலரும். அங்கே உங்கள் கை எவருடைய கையாகவும் இருக்கலாம். உங்கள் கையன்றி வேறு கை தர முடியாத ஒன்றை ஒரு படைப்பு உங்களிடம் கேட்கிறதா? எனக்குத் தெரிந்த அளவுகோல் இது ஒன்றே. ஐந்நூறு வீட்டுப் பொருள்கள் அப்படிக் கேட்டுப் பெற்றவை. எண்பது வரைபடங்களும் அவ்வாறே.

வேறொரு மனக்குறையும் உண்டு. வன்கூவரிலும் கொச்சியிலும் இருப்பவர்கள் கண்டு வியந்த இப்படைப்புகளை எம் பகுதியில் கையால் தொட்டவர் மிகச் சிலரே. கதை கொடுத்தவர் ஓரிடம், கதை காட்டப்படுவது வேறிடம் என்று ஆகிவிட்டது. கலைஞரைக் குறை கூறிப் பயனில்லை. கண்காட்சி மண்டபம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கண்காட்சி நடக்கும். ஆனால் அந்தக் கோப்பு எம்மிடம் வரவில்லையென்றால், அதன் கேள்வியை நாமே எடுத்துக் கேட்டுப் பார்ப்பதை யார் தடுக்கப் போகிறார்கள்?

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்குக் கலையைத் தாண்டிய கனமும் உண்டு. வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பெர்மிற்றாகக் கொடுக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்து வளவுபோல் தலைமுறை தலைமுறையாக வந்த உறுதி இங்கே பலரிடம் கிடையாது. இருந்த கடதாசிகளும் இடப்பெயர்வில் போயின. எஞ்சியவற்றுள் சிலவற்றை 2018 டிசம்பர் வெள்ளம் கொண்டுபோயிற்று. அவ்வாண்டு இரணைமடு வான்பாய்ந்து கண்டாவளைப் பக்கம் நீரில் மூழ்கியது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2010 முதல் மீள்குடியேறியவர்கள் அலுவலகங்களின் முன்னால் வரிசையில் நின்று, 'என்ரை வளவு இங்கே தொடங்கி அந்தப் பாலை மரம் வரைக்கும்' என்று வாயால் சொல்லவேண்டி இருந்தது. மரமும் இல்லாதபோது என்ன செய்வது? மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டியவரின் வீடு எந்தத் தோம்பிலும் ஏறியதில்லை. அவருக்கு அது இருந்ததற்குச் சாட்சி அவர் நினைவு மட்டுமே. அந்த நினைவும் அவரோடு வயதாகிக்கொண்டு வருகிறது.

சில காலத்துக்கு முன் முரசுமோட்டைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைச் செய்து பார்த்தேன். சித்திரக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பழைய வீட்டை வரைந்து காட்டும்படி வீட்டு அம்மாவைக் கேட்டேன். தமக்கு வரையத் தெரியாது என்று வெகுநேரம் மறுத்தவர், பின் பென்சிலை வாங்கி முதலில் ஒரு வட்டம் போட்டார். அது கிணறு. அடுத்துப் படலை. பிறகு மாட்டுக்கொட்டில், வைக்கோல் போர், கொய்யா, எலுமிச்சை என்று வளவு நிறைந்துகொண்டே வந்தது. நடுவில் வீடு இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே கிடந்தது. வீட்டைக் கீறவில்லையே என்றேன். 'அதுதானே இடிஞ்சு போச்சு, கிணறு இருக்குத்தானே' என்றார்.

பக்கத்தில் நின்ற மகள் பென்சிலைத் தான் வாங்கினாள். 2009இல் அவளுக்கு ஐந்தோ ஆறோ வயது. அவள் முதலில் வரைந்தது பதுங்குகுழி. தாய் வரையாமல் விட்ட வெற்றிடத்தில் வீட்டையும் அவளே வரைந்தாள். சிறியது, ஒரு கதவு, ஒரு யன்னல். பின் குழிக்கு அருகே ஒரு பெரிய மாமரத்தை நட்டாள். அங்கேதான் பிணக்கு வந்தது.

'மாமரம் கிணத்தடியிலை எல்லே நிண்டது? பங்கருக்குப் பக்கத்திலை எங்கை நிண்டது?' என்றார் தாய்.

'இல்லையம்மா, நான் பங்கருக்குள்ளை இருந்து பார்த்தா மாங்காய் தெரியும்.'

'நீ அப்ப சின்னப்பிள்ளை. உனக்கென்ன தெரியும்?'

வளவு அருகிலேயே உள்ளதால் போய்ப் பார்த்து முடிவு செய்யலாம் என்று நான் சொன்னேன். மாமரம் இப்போது இல்லை என்றும், அடிக்கட்டையைக்கூட யாரோ விறகுக்குக் கிண்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். தாய் பென்சிலை மறுபடி வாங்கிக் கிணற்றடியில் தம் மாமரத்தை வரைந்தார். மகள் வரைந்ததை அழிக்க ரப்பரைத் தேடினார், அகப்படவில்லை. தாள் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. மரம் அதில் இரண்டு இடங்களில் நிற்கிறது.